நாற்பது நிமிட இருட்டு

போன சனிக்கிழமை பக்கத்துக் கொல்லை வெள்ளையன் நொண்டிக்கொண்டே வந்து, "போட்டோ வந்துச்சா சார்?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், படத்தைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது...

ஜவ்வாது மலையில் நான் வாத்தியார் வேலை பார்ப்பதும், வீட்டுக்குப் பின்னால் நாலு இஞ்ச் டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்பதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். மூன்று வருஷமாக ஒரே ஆசை — ஆண்ட்ரோமீடா கேலக்ஸியைப் படம் பிடித்துவிட வேண்டும்.

கேலக்ஸி என்ன, போஸ் கொடுத்துச் சிரிக்குமா? மங்கலோ மங்கல். கேமராவை டெலஸ்கோப் மேல் கட்டி, ஷட்டரை நாற்பது நிமிடம் திறந்தே வைக்க வேண்டும். அதற்குள் பூமி சும்மா இருக்குமா, சுற்றுமே! அதனால் டெலஸ்கோப்பில் ஒரு நட்சத்திரத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது நகர நகர, திருகைக் கையாலேயே மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். தும்மினால் போச்சு. யாராவது டார்ச் அடித்தாலும் போச்சு.

ஐப்பசி அமாவாசை மழையில் போனது. கார்த்திகை அமாவாசையன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் பக்கத்துச் சாமைக் கொல்லையில் தீ! காட்டுப்பன்றி வராமலிருக்க வெள்ளையன் மூட்டியது. அறுப்புக்கு நிற்கிற சாமை.

வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன்.

"எவ்ளோ நேரம் சார்?"

"நாப்பது நிமிஷம்."

"அவ்ளோதானே? அணைச்சிட்றேன். நீங்க போய் வேலையப் பாருங்க."

மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார்.

முப்பதாவது நிமிடம் சாமைக்குள் சரசரப்பு. பிறகு உறுமல். பன்றிதான், சந்தேகமே இல்லை.

எழுந்து கத்தியிருக்க வேண்டாமா? கத்தவில்லை. இன்னும் பத்தே நிமிடம்... ஒரு குடும்பத்தின் சோறு மிதிபடுகிறது என்று தெரிந்தே, திருகைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

காலையில் பார்த்தால் கொல்லையின் ஒரு மூலை நாசம். வெள்ளையன் காலில் துணிக்கட்டு. "கல்லு கீறிடுச்சு" என்றார். சத்தம் என் காதில் விழுந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாணியம்பாடி ஸ்டுடியோவில் பாய் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒண்ணுமே வுழல சார், தூசிதான்" என்றார். கெஞ்சிப் பிரிண்ட் வாங்கினேன்.

அதைத்தான் சனிக்கிழமை வெள்ளையனிடம் நீட்டினேன். புள்ளிகளுக்கு நடுவே சாய்வாக ஒரு வெள்ளைத் தீற்றல்.

"இன்னா சார் இது, பொகையாட்டம்?"

"அவ்வளவும் நட்சத்திரம். கோடிக்கணக்குல." அதற்கு மேல் தாங்கவில்லை. "வெள்ளையன்... அன்னிக்குப் பன்னி சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் நான் எழுந்திருக்கல."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கும்தான் கேட்டுச்சு. பந்தம் கொளுத்தினா உங்க படம் பூடும்னு இருட்டுலயே ஓடித் தொரத்தினேன். கத்தவும் இல்ல. நீங்க பயந்து அசைஞ்சிட்டா?" சிரித்தார். "அதான் கல்லுல வுழுந்துட்டேன்."

அறுப்பு முடிகிறவரை கொல்லைக் காவல் நான்தான் என்று சொல்லிவிட்டேன். "தூக்கம் கெட்டுடுமே சார்?" என்று கவலைப்பட்டார்.

என் தூக்கம் கெட்டிருந்ததெல்லாம் அதற்கு முந்தைய பத்து நாள்தான்.