பாடிக் காட்டக் கூடாத பாஸ்வேர்ட்

என் மனைவி பாட்டு டீச்சர். மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு ஆன்லைனில் வகுப்பெடுப்பாள். அத்தனை வகுப்பும் பதிவாகி அவளுடைய மெயில் கணக்கில் இருக்கிறது. தொண்டையில் தைராய்டு கட்டி என்று தெரிந்ததும் அந்தப் பதிவுகள் எங்களுக்குப் பொக்கிஷமாகிவிட்டன. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் அடையாறு டாக்டர்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலை அவள் போனில் ஓர் எச்சரிக்கை வந்தது. யாரோ, எங்கிருந்தோ, அவள் கணக்குக்குள் நுழையப் பார்த்திருக்கிறார்கள். தி.நகரிலிருந்து வந்திருந்த மகள், அம்மாவின் லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டு என்னவோ தட்டினாள். கணக்கு திறந்துகொண்டது.

"உனக்கு யாருடி சொன்னா?" என்றாள் மனைவி.

"யார் சொல்லணும்? கற்பகாம்பாள் பேரு, பின்னாடி நூத்தியெட்டு. மாடவீதில பாதி பேர் ஆத்துல இதாம்மா பாஸ்வேர்ட்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்பாளை வாட்ச்மேன் வேலைக்கு வெச்சிருக்கியா?" என்று கத்தினேன்.

"உங்களோடது மட்டும் என்னவாம்? நீங்க பொறந்த வருஷம்தானே?"

நான் என் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாமி பெயர், பிறந்த வருஷம், ஒன்று இரண்டு மூன்று, இதையெல்லாம் திருடுகிறவர்களின் மெஷினே முதலில் போட்டுப் பார்த்துவிடுமாம். நீளமாக இருக்க வேண்டும், பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலக்க வேண்டும், மறக்கவும் கூடாது என்றாள் மகள். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நான் அலுத்துக்கொண்டேன்.

"ஸ்வரம் போட்டா என்ன?" என்று மனைவி ஒரு வர்ணத்தை ஆரம்பித்தாள்.

"ஊருக்கே தெரிஞ்சது வேண்டாம்மா."

மனைவி கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டபடி, அந்த நிமிஷமே புதிதாக ஒரு ஸ்வரக் கோவை பாடினாள். எந்த ராகம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து, மேல் ஸ்தாயிக்குப் பெரிய எழுத்து. நீட்டி நிற்கிற இடங்களுக்கு, பாட்டு நோட்டில் எழுதுகிற அதே கமாவும் செமிகோலனும். முடிவில் ஓர் எண். மகள் திரும்பப் பாடச் சொன்னாள். துளி பிசகவில்லை. அடேயப்பா! இத்தனை வருஷம் இவளிடமா காபி சரியில்லை என்று சண்டை போட்டேன்? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாடிக்கொண்டே அவள் தட்ட, பாஸ்வேர்ட் வலுவாக இருக்கிறது என்று திரையில் பச்சையில் வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேசுகிறாள், என்னை வாங்கு வாங்கு என்று வாங்குகிறாள். பாட்டு மட்டும் வரவில்லை. பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டித்தான் வகுப்பெடுக்கிறாள்.

போன வாரம் ஒரு மாணவி என்னிடம், "மாமி கடைசியா பாடினது உங்ககிட்ட இருக்கா மாமா?" என்று கேட்டாள். அந்தக் காலையில் பாடியதுதான் கடைசி. அதை யாரும் பதிவு செய்யவில்லை. எனக்கு அது மனப்பாடம். ஆனால் பாடிக் காட்டினால் கணக்குப் போய்விடும். "இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

தினமும் காலையில் கணக்கைத் திறக்கும்போது அவள் உதடு அசைகிறது. சத்தம் வருவதில்லை.