துண்டில் விழுந்த முடிச்சு

குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் தூக்கலாகக் கலந்துவிட்ட நாளில் ஒரு வாடை வரும் பாருங்கள், மூக்குக்குள் ஏறிக் கண்ணில் லேசாக நீர் கட்ட வைக்கும் வாடை, அது வந்தால் எங்கள் வீட்டில் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், நான் மட்டும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா நிற்பேன். அந்த வாடைக்குள் எனக்கு ஒரு கப்பல் இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைப்பதும், வேண்டாம் என்று விட்டுவிடுவதுமாகவே பல வருடங்கள் போய்விட்டன. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு எழுத வருமா என்ற கூச்சம் ஒன்று. இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். பிஸ்மி சொல்லி ஆரம்பிக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்ல அல்லாஹ் உதவி செய்வானாக.

எனக்குச் சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம் லெப்பைக்குடிக்காடு. எங்கள் தெருவில் முக்கால்வாசி ஆண்கள் 'சபுரு' போனவர்கள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; ஒருத்தியின் அத்தா துபாயில், இன்னொருத்தியின் அத்தா ரியாத்தில் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக்கொள்ள ஓர் ஊர் இருந்தது. என் அத்தாவுக்கு மட்டும் ஊர் இல்லை. அவர் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஓர் உல்லாசக் கப்பலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்த்தார். இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று யாராவது கேட்டால் கடலில் என்றுதான் சொல்ல வேண்டும், அதற்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள். என் சாச்சி, அதாவது சின்னம்மா, ஒரு படி மேலே போய், "கப்பல்காரருன்னுதான் பேரு, லீவுல வந்தா வெள்ளாத்துல முட்டிக்கால் தண்ணியில எறங்க மாட்டேங்குறாரு உங்க அத்தா," என்று அவர் இருக்கும்போதே சொல்வார். அத்தா கோபப்பட மாட்டார், "அது உப்புத் தண்ணி பழக்கம் சாச்சி," என்று என்னைப் போலவே அவரைச் 'சாச்சி' என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்.

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுக்கு வரும். மற்ற நாட்களில் அத்தா என்றால் எனக்கு ஒரு டேப் ரிக்கார்டர்தான். லீவில் வரும் கூட்டாளிகள் கையில் கேசட் கொடுத்தனுப்புவார். முதலில் சலாம், பிறகு வீட்டு விஷயம், அதன் பிறகு, "இப்ப எம் புள்ளையக் கூப்பிடு," என்று கேசட்டே சொல்லும், அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். எனக்கென்று அவர் பேசியதெல்லாம் அந்தக் கப்பலின் மேல்தட்டில் இருந்த தண்ணீர்ச் சறுக்கைப் பற்றித்தான். மூன்று மாடி உயரம், மலைப்பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வரும் நீலக் குழாய், உள்ளே போனால் இருட்டு, தண்ணீரே நம்மைத் தள்ளிக்கொண்டு வரும், கடைசி வளைவில் வயிறு தொண்டைக்கு வந்துவிடும், பொத்தென்று குளத்தில் போய் விழலாம். எல்லாம் சொல்லிவிட்டு ஒவ்வொரு கேசட்டிலும் முடிக்கும்போது இதைச் சொல்வார்: "ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வருவேன் கண்ணு. நீ பயப்படாம மேலேர்ந்து வா. கீழ நான் நிக்கிறேன், புடிச்சுக்கிறேன்." அவர் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒரு மிஷின் விடாமல் உறுமிக்கொண்டிருக்கும். வெகுநாள் வரை அதைக் கடல் சத்தம் என்றே நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் சிமெண்ட் சறுக்குமரம் ஒன்று இருந்தது. சாயங்காலம் மற்ற பிள்ளைகள் போன பிறகு நான் அதில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு சறுக்கிப் பழகுவேன். கீழே வந்து விழும்போது மணல் ஒட்டிய கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நானே எழுந்திருக்க வேண்டும். கீழே நிற்க ஆளில்லாத சறுக்கு சறுக்கே இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றும்.

இரண்டாயிரத்து ஆறில், நான் ஆறாவது முடித்த முழுப்பரீட்சை லீவில், அந்த நாள் வந்தது. பழைய ஆட்கள் தங்கள் குடும்பத்தைக் குறைந்த செலவில் ஒரு நடை கூட்டி வரலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அம்மாவுக்கும் எனக்கும் பாஸ்போர்ட் எடுக்கப் பெரம்பலூருக்கு அலைந்த அலைச்சலைச் சொன்னால் அதுவே ஒரு கதையாகிவிடும். திருச்சியில் விமானம் ஏறியதிலிருந்து சிங்கப்பூரில் இறங்கும் வரை அம்மா சலவாத் ஓதுவதை நிறுத்தவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் அப்போது வெளியே கிளம்பினால் தலையோடு போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் 'துப்பட்டி' உண்டல்லவா, அதைத்தான் அம்மா அந்தக் கப்பலிலும் போர்த்தியிருந்தார்.

முதல் நாள் சாயங்காலம் கீழ்த்தளத்துப் படிக்கட்டுப் பக்கம் ஒரு சிறிய அறையில் அத்தாவைப் பார்க்க விட்டார்கள். சாம்பல் நிறச் சட்டை, நீராவியில் வெந்து ஊறிப்போன விரல்கள். நான் அவர் மடியில் ஏறி, சறுக்குக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார், பிறகு என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார், துணி வெளுக்கிறவர்கள் பயணிகள் இருக்கும் மேல்தட்டுக்கு வரக் கூடாதாம். அவர் இத்தனை வருடமும் அந்தச் சறுக்கைப் பார்த்ததே இல்லையாம். குளம் கழுவப் போகும் பையன்கள் சாப்பாட்டு நேரத்தில் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார். "மேல போனா சோறு போயிரும் கண்ணு," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கேசட்டில் கடல் சத்தம் என்று நான் நினைத்தது அவருடைய மிஷின் சத்தம் என்பதும் அந்த அறையில்தான், சுவருக்குப் பின்னால் அது உறுமியபோதுதான், எனக்குப் புரிந்தது.

மறுநாளிலிருந்து மேல்தட்டில் நானும் அம்மாவும்தான். சுற்றிலும் பலதேசத்துப் பிள்ளைகள், அவர்களின் அப்பாமார்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையை விரித்துக் கூப்பிட்டார்கள். இடுப்பில் வாரைக் கட்டி, இரண்டு பக்கமும் ரப்பர் கயிறு மாட்டி, விரிப்பில் குதிக்கவிட்டு ஆகாசத்துக்குத் தூக்கிப்போடும் விளையாட்டு ஒன்று இருந்தது. அதில் ஏறினேன். மேலே போனபோது நாலா பக்கமும் கடல் மட்டும் தெரிந்தது, ஒரு கரையும் இல்லை. கீழே வந்தபோது கூட்டத்துக்கு நடுவில் அம்மாவின் வெள்ளைத் துப்பட்டி தெரிந்தது. மேலே கடல், கீழே துப்பட்டி என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டே குதித்தேன். இறக்கிவிட்டவன் என் மொழி தெரியாமல் என்னவோ கேட்டான், நன்றாக இருந்ததா என்றுதான் கேட்டிருப்பான், தலையை ஆட்டினேன்.

சறுக்குக்குத்தான் மனம் வரவில்லை. படியில் ஏறுவேன், குழாயின் வாய் வரை போவேன், கீழே எட்டிப் பார்ப்பேன், பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிட்டு இறங்கி வந்துவிடுவேன். பயம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அத்தா கீழே நிற்காமல் முதல் தடவை இறங்கிவிட்டால் அவர் சொன்ன சொல் வீணாகிப்போகும் என்ற எண்ணம்தான் அதைவிடப் பெரிதாக இருந்தது. இதை அம்மாவிடம் சொன்னபோது, "அவுங்க எப்புடிம்மா வருவாங்க? எறங்குறதுன்னா எறங்கு, இல்லன்னா வா, லுஹர் தொழணும்," என்றார்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு இறங்காவிட்டால், சபுரு போனவரிடமிருந்து சேதி வராவிட்டால், ஒரு காசை எடுத்துத் தலையைச் சுற்றி, துப்பட்டி முனையில் முடிந்துவிடுவார்கள். ஆபத்து விலகிய பிறகுதான் அதை அவிழ்த்து தர்கா உண்டியலில் சேர்ப்பார்கள். 'நேர்ச்சைக் காசு' என்போம். அது சரியா தவறா என்று இப்போது பேசுகிறார்கள், அதற்கு நான் வரவில்லை. அன்றைக்கு நான் குழாய் வாயில் குனிந்து நின்றதைப் பார்த்த அம்மா, என் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், மணிபர்சிலிருந்து நம் ஊர் ஒரு ரூபாயை எடுத்துக் காற்றிலேயே என்னைச் சுற்றி, மடியில் கிடந்த வெள்ளைத் துணியின் முனையில் இறுக்கி முடிந்துவிட்டார். நான் வழக்கம்போல இறங்கி வந்துவிட்டேன். மடியில் கிடந்தது துப்பட்டி இல்லை, கப்பலில் கொடுத்த துண்டு. அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் துண்டு சேகரிக்கும் ஆள் போனான். அஸர் தொழுகைக்குப் பிறகு துப்பட்டியின் நான்கு முனையையும் தடவிப் பார்த்துவிட்டு அம்மா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நேர்ந்த காசு தொலைவது நல்லதற்கில்லை என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அத்தாவுக்குக் கூடுதல் வேலை இருந்ததால் அவரைப் பார்க்கவும் முடியவில்லை.

மறுநாள்தான் கப்பலில் எங்களுக்குக் கடைசி முழு நாள். காலையில் நான் மறுபடியும் படியேறி குழாய் வாயில் நின்றேன். அப்போது கீழே, சாப்பாட்டு மேசைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னக் கதவு திறந்து, சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் ஓடி வந்தார். குளிக்கும் உடையில் படுத்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. குளத்து ஓரத்தில் மண்டியிட்டு, தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். என் அத்தா.

பிறகுதான் அம்மா எனக்கு விவரம் சொன்னார். அழுக்குத் துண்டுகளை உதறிப் பிரிக்கும்போது ஒன்றின் முனையில் முடிச்சு இருந்திருக்கிறது, அவிழ்த்தால் நம் ஊர்க் காசு. அந்தக் கப்பலில் அப்படி முடிவதற்கு ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது, பாஷை தெரியாதவள், யாரிடமும் சொல்லத் தெரியாமல், எல்லாத் துண்டும் தன் கைக்குத்தான் வரும் என்று தெரிந்து இப்படிச் சேதி அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். மிஷினைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அத்தனை மாடியும் படியேறி ஓடி வந்திருக்கிறார்.

நான் மேலேயிருந்து கத்தினேன், காற்று கொண்டுபோய்விட்டது. அம்மா எழுந்து நின்று, துப்பட்டி விலகியதைக்கூடக் கவனிக்காமல், கையை உயர்த்தி என்னைக் காட்டினார். அத்தா நிமிர்ந்து பார்த்தார். முதலில் என்னை. பிறகு அந்த நீலக் குழாயை, அதன் வளைவெல்லாம் கண்ணாலேயே தொட்டுக்கொண்டு கீழே வரை. வாயைத் திறந்தபடி நின்றார். அப்புறம் மெதுவாக நடந்து போய், குழாய் முடியும் இடத்தில், குளத்து விளிம்பில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, நனைந்த சட்டைக் கைகள் இரண்டையும் விரித்தார்.

நான் பிஸ்மி சொல்லி உட்கார்ந்தேன். உள்ளே அவர் சொன்னது போலவே இருட்டாக இருந்தது. தண்ணீர் தள்ளியது. கடைசி வளைவில் வயிறு தொண்டைக்கு வந்தது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன், பொத்தென்று விழுந்தேன். மூக்கிலும் வாயிலும் அந்த மருந்துத் தண்ணீர் ஏறியது. கையை நீட்டினேன். ஒரு கை என்னைப் பிடித்துத் தூக்கியது. கண்ணைத் திறந்தால், சிவப்புப் பனியன் போட்ட குளத்துக் காவலாளி. விளிம்பில் ஆளில்லை, ஈரம் மட்டும் இருந்தது. தூரத்தில் அந்தச் சின்னக் கதவுக்குள், வெள்ளை உடுப்பு அதிகாரி ஒருவர் தோளில் கை வைத்துத் தள்ள, ஒரு சாம்பல் நிற முதுகு போய்க்கொண்டிருந்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அம்மா உள்ளங்கையை விரித்துக் காட்டினார், போகும்போது அத்தா கொடுத்துவிட்டுப் போன ஒரு ரூபாய் இருந்தது. அறைக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டோம்.

அத்தாவுக்கு ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள், அல்லாஹ்வின் கிருபை. துறைமுகத்தில் இறங்கும் முன் அதே சிறிய அறையில் சிறிது நேரம் பார்த்தோம். அவர் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "பாத்தேன் கண்ணு. சிரிச்சுக்கிட்டே வந்து விழுந்தே," என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு அழுகிற முகத்தோடுதான் வந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமா அத்தா," என்றேன். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வருடம் லீவில் வந்த அத்தா, பள்ளிவாசல் பக்கத்து டீக்கடையில் இதைச் சொன்னபோது, அந்தக் கதையில் அவர் என்னைப் பிடித்திருந்தார். கொஞ்ச நாளில் சட்டையோடு குளத்தில் குதித்துப் பிடித்தார் என்றானது. கல்யாண வீடுகளில், "நீதானே அந்தக் கப்பல் பொண்ணு?" என்று கேட்பார்கள். பக்கத்தில் அத்தா இருப்பார், நானும் தலையை ஆட்டுவேன். அவர் உயிரோடு இருக்கும் வரை என்னால் இதை எழுத முடியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

இப்போது நான் அரியலூரில் வாழ்க்கைப்பட்டு, எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரரும் சபுரில்தான். பிள்ளைகள் தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். கேசட்டுகள் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டன, ஒன்றும் ஓடவில்லை. வெள்ளைத் துப்பட்டி போர்த்துகிறவர்கள் எங்கள் தெருவில் ஓரிருவர் இருந்தால் அதிகம். போன வருடம் அத்தா மவுத்தானார். துக்கம் கேட்க வந்தவர்கள் மறுபடியும் அந்தக் கதையைத்தான் எடுத்தார்கள், இந்த முறை கதையில் கப்பல் கேப்டன் வந்து அத்தாவுக்குக் கை கொடுத்துப் பாராட்டினார். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், நான் யாரையும் குறை சொல்லவில்லை.

ஆனால் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அத்தாவைத் தூரத்தில் வைத்துக்கொண்டு வளரும் பிள்ளை எதையாவது நீங்கள் பார்த்தால் இதைச் சொல்லுங்கள், சொல்லும்போது எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஒரு ரூபாய்க் காசைப் பார்த்துவிட்டு அவர் ஓடி வந்தார். கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் வந்து சேர்ந்தபோது அங்கே அவர் இல்லை.

இதை இப்படியே சொல்லுங்கள்.