அம்மா பிடுங்காத முட்கள்

அம்மாவின் சைக்கிள் பஞ்சரே ஆகாது. அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. சைக்கிளில்தான் போவாள். டியூப்லெஸ் டயர் போட்ட பிறகு ஒரு நாள்கூட வண்டியை உருட்டிக்கொண்டு வந்ததில்லை.

அவள் இறந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாளை முதல் அந்த வேலை அம்மாவின் தங்கைக்கு, என் சித்திக்கு. சொந்தமாகச் சைக்கிள் இருக்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். சித்தப்பாவுக்கு வேலை போய்விட்டது, வாங்க வழியில்லை. அம்மாவுடையதைத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

மதியம் நான் வீட்டுக்குப் போனபோது சைக்கிளின் பின்சக்கரம் தரையோடு தரையாகக் கிடந்தது. அப்பா குறடும் ஈரத்துணியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தட்டு. அதில் முட்கள், கண்ணாடிச் சில்லுகள், ஒரு ஸ்டேப்ளர் பின்.

"துடைச்சுக் கொடுக்கலாம்னு பார்த்தேம்மா. டயர் பூரா முள்ளு. பிடுங்கப் பிடுங்க, புஸ்ஸுன்னு போயிடுச்சு."

"எல்லாத்தையுமா பிடுங்கினீங்க?"

"முள்ளை எடுத்தா நல்லதுதானே?"

நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். இந்த டயருக்குள் பால் போன்ற ஒரு திரவம் இருக்கும். ஓட்டை விழுந்தால் அது உறைந்து அடைத்துக்கொள்ளும். சில மாதங்களில் காய்ந்துவிடும். மறுபடி ஊற்ற வேண்டும். டயரின் ஓரத்தை நெம்பிப் பார்த்தேன். காய்ந்த ஏடுதான் இருந்தது. அப்படியானால் குத்திய முட்களே இத்தனை நாள் ஓட்டைகளை அடைத்திருக்கின்றன. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்று அப்பாவைக் கேட்டேன்.

"தெரியாம இருக்குமா? தினம் துடைப்பா" என்றார் அப்பா.

"அப்புறம் ஏன் விட்டுவச்சாங்க?"

"என்னைக் கேட்டா? நீதானே இன்ஜினியர்."

கடைக்குப் போய்த் திரவமும் ரப்பர் திரிகளும் வாங்கி வந்தேன். திரவத்தை ஊற்றினேன். பெரிய ஓட்டைகளில் திரியைத் திணித்தேன். டயரின் ஓரம் சக்கரத்தின் விளிம்பைவிட்டு விலகியிருந்தது. சோப்புத் தண்ணீர் தடவினேன். அப்பா பம்பு அடித்தார்.

"காத்து உள்ள போகுதா, எனக்குத்தான் மூச்சு போகுதா?"

ஒருவழியாக டயர் 'டப்' என்று விளிம்பில் உட்கார்ந்தது.

அப்போதுதான் பார்த்தேன். டயர் தரையைத் தொடும் பகுதியின் ஓரத்தில் ஓர் ஆணி. தலை தேய்ந்து மினுங்கியது. அப்பா கண்ணில் படவில்லை. அதைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழிகூட இல்லை.

குறடை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். விதிப்படி பிடுங்கி அடைக்க வேண்டும். ஆனால் அது கசியவில்லையே. அம்மா விலாவில் வலி என்பாள். டாக்டரிடம் போகச் சொன்னால், "ஓடுதில்ல, விடு" என்பாள். ஊர் ரத்தமெல்லாம் எடுத்தவள் தன் ரத்தத்தைக் கடைசிவரை பரிசோதனைக்குக் கொடுக்கவில்லை. அது தைரியமா, அசட்டையா, பயமா? எதுவும் பிடிபடவில்லை.

சாயங்காலம் சித்தி வந்தாள். கட்டைவிரலால் டயரை அழுத்தினாள்.

"காத்து நிக்குதே. அப்புறம் ஏன் ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க?"

"ஒரு ஆணி இருக்கு சித்தி. எடுக்கவா, விடவா?"

"எடுத்தா?"

"அடைக்கலாம். தாங்கும்."

"விட்டா?"

"இதுவரைக்கும் தாங்கியிருக்கு."

"படிச்சவ சொல்ற பதிலாடி இது?" சித்தி முந்தானையைச் செருகிக்கொண்டு குத்தவைத்தாள். "எடு. என் கண்ணு முன்னாடி எடு. காலையில நடுத்தெருவில நிக்கிறதுக்கு, போறது இப்பவே போகட்டும்."

பிடுங்கினேன். வெள்ளைத் திரவம் சித்தியின் புடவையில் பீய்ச்சியடித்தது. திரியைத் திணித்து, ஓட்டை கீழே வரும்படி வண்டியைச் சாய்த்தேன். மூவரும் குனிந்து காது கொடுத்தோம். சீறல் மெலிந்தது. நின்றது. திரி அடைத்ததா, திரவம் அடைத்ததா என்று இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது.

சித்தி ஏறி உட்கார்ந்து தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். காலை ஊன்றி நின்றாள்.

"மாமா, காலையில முதல் வீடு இதுதான். ரெண்டு பேரும் வெறும் வயித்தோட இருங்க."

"எனக்கு என்ன? நல்லாத்தானே இருக்கேன்?" என்றார் அப்பா.

"ஊசி சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுச் சித்தி மிதித்தாள்.