மூச்சடக்கத் தெரிந்தவர்

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. ஜூன் மாதம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் அன்று இரவு கடலுக்குப் போவதாக இருந்த நாள். தேவிபட்டினத்துக்குத் தெற்கே, கடலோரச் சாலையில் உள்ள ஒரு மீன் பதப்படுத்தும் கம்பெனியில் நான் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்தேன். நடந்ததைத் தினமும் படுக்கப் போகுமுன் வரிசையாக எழுதி வைப்பது என் வழக்கம். அந்த நாளை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. இங்கே எப்படியாவது வரிசைப்படுத்திச் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

கம்பெனியின் பின்பக்கம் தரைக்கடியில் ஒரு கழிவுத் தொட்டி உண்டு. மீன் கழுவிய தண்ணீர், இரத்தம், குடல், செதில் எல்லாம் கால்வாய் வழியாக அதில் வந்து சேரும். தொட்டியின் அடியில் உள்ள ஒரு மோட்டார் அதை வெளியேற்றும். மேலே ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சதுரமான திறப்பு, அதன் மேல் இரும்பு மூடி. உள்ளே இறங்கச் சுவரில் பதித்த கம்பிப் படிகள். தடைக்காலம் தொடங்கியபோது தொட்டியைக் காலி செய்தார்கள். ஆனால் அடியில் கொஞ்சம் சேறு தங்கிவிட்டது. சித்திரை, வைகாசி வெயில் முழுக்க அது மூடிக்குக் கீழே கிடந்து அழுகியது.

அன்று காலை தரையைக் கழுவி விட ஆரம்பித்தோம். மோட்டார் உறுமியது, தண்ணீர் போகவில்லை. ராமநாதபுரத்தில் இருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டால், எல்லா ஐஸ் பிளாண்ட்டிலும் இன்றைக்குத்தான் வேலை, சாயங்காலம் வருகிறேன் என்றார். மேனேஜர் வெளியூரில் இருந்தபடியே போனில், நாளைக்கு லோடு வந்துவிடும், எப்படியாவது ரெடி பண்ணுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் இறங்கு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. இறங்காதே என்றும் யாரும் சொல்லவில்லை.

அங்கே லோடு இறக்கும் வேலையில் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் காக்கா. அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்த நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். சின்ன வயதிலிருந்து சங்கு குளித்தவர். ஆழத்தில் முங்கி முங்கி இரண்டு காதிலும் இரத்தம் வந்து, கேட்கும் சக்தி பாதி போய்விட்டது. இன்னும் ஒரு வருடம் முங்கினால் மீதியும் போய்விடும் என்று டாக்டர் சொல்ல, வீட்டம்மா அழுது அடம்பிடித்து அவரைக் கரை வேலைக்கு அனுப்பியிருந்தார். அந்த அம்மாவின் தம்பி, முப்பது வயசுக்காரர், எங்கள் கம்பெனியிலேயே மோட்டார், மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானும் மச்சினனும் சேர்ந்துதான் வருவார்கள், சேர்ந்துதான் சாப்பிடுவார்கள், நாள் முழுக்க ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொண்டே இருப்பார்கள்.

மெக்கானிக் வரட்டுமே என்றேன். மச்சினன் கேட்கவில்லை.

"அவன் வந்து என்னத்தப் பிடுங்கப் போறான் சார்? பாலித்தீன் பை சுத்திக் கெடக்கும். எடுத்துப் போட்டா முடிஞ்சுச்சு."

"ஏலே, இறங்குறது இறங்கு. மேல வந்து குளிக்காம வீட்டுப் பக்கம் வந்துராத. ஒங்க அக்கா உள்ள விடமாட்டா" என்றார் காக்கா.

"ஒங்களையே உள்ள விடுது, என்னைய விடாதாக்கும்?"

கூடை கழுவிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூடியைத் தூக்கியதும் அழுகிய முட்டை வாடை குப்பென்று அடித்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். கொஞ்ச நேரம் காத்தாடட்டும் என்று அப்படியே விட்டோம். அதுதான் எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு. பிறகு மச்சினன் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் இருந்து அவர் குரல் வந்தது.

"இப்ப வாடையே இல்ல மச்சான். போயிருச்சு."

அடுத்த நொடி, சேற்றில் ஒரு மூட்டை விழுந்ததுபோல் சத்தம்.

கூப்பிட்டோம். பதில் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். படிக்குக் கீழே, சுவரில் சாய்ந்தபடி, தலை தொங்கிக் கிடந்தார்.

இதை வாசிக்கிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் உத்தரகோசமங்கைப் பக்கம், வயல்காட்டு ஆள். கடலோரத்து ஆட்களோடு வேலை பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். படகிலிருந்து ஒருவன் தவறி விழுந்தால், பக்கத்தில் இருப்பவன் யோசிக்க மாட்டான், குதித்துவிடுவான். யோசித்தவனோடு அடுத்த நாள் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அங்கே அது சட்டம் மாதிரி. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய சட்டம்.

காக்கா என் பக்கம் திரும்பி, "சார், கயிறு" என்றார். ஓடிப் போய் ஸ்டோரில் இருந்து நைலான் கயிறு கொண்டுவந்தேன். ஸ்டோரில் கையுறை இருந்தது, கம்பூட்ஸ் இருந்தது, ஹெல்மெட் இருந்தது. காற்று ஊதும் மெஷின் இல்லை. வாயு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி இல்லை. இடுப்பில் மாட்டி ஆளைத் தூக்கும் வார் இல்லை. அன்றைக்கு முன்னால் அதையெல்லாம் யாரும் கேட்டதும் இல்லை.

கயிற்றின் ஒரு நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் சொன்னார்: "மூச்ச அடக்கிக்கிட்டுப் போறேன். அஞ்சு பாகத்துல சங்கு எடுத்தவன், இங்கன எனக்கு என்ன? அவனைக் கட்டிட்டுக் கயித்த ரெண்டு தரம் வெட்டுவேன். இழுங்க."

பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம்; கயிற்றை வெட்டுவது என்றால் வெடுக்கென்று சுண்டி இழுப்பது. ஐந்து ஆள் ஆழத்தில் கடலடியில் நடந்தவருக்கு அந்தத் தொட்டி ஒன்றுமே இல்லை. அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துத்தான் சொன்னார். திறப்பின் ஓரத்தில் நின்று, முங்குவதற்கு முன் செய்வதுபோல நிதானமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டார். பிஸ்மில்லா சொன்னார். கடைசி மூச்சை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு இறங்கினார்.

நானும் வாட்ச்மேனும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். கயிறு வெட்டவே இல்லை. அது திறப்பின் இரும்பு விளிம்பில் அழுந்திக் கிடந்ததால், அவர் கீழே வெட்டியது எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. பிறகுதான் தெரிந்தது.

அப்போது உள்ளே இருந்து குரல் வந்தது.

"இழுங்கப்பா!"

காது மந்தமானவர்கள் எப்போதும் உரக்கத்தான் பேசுவார்கள். தொட்டிச் சுவரில் மோதி அது இன்னும் பெரிதாகக் கேட்டது. அந்தக் குரல் வந்ததும் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெண் அழுதுகொண்டே கைதட்டினாள். இழுத்தோம். மச்சினன் அக்குளில் கயிற்றோடு, துவண்டு, கனமாக மேலே வந்தார். விளிம்பில் இடித்து நெற்றி கிழிந்தது. வெளியே எடுத்து மண்ணில் கிடத்தினோம். மூச்சு இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். திறப்பில் காக்காவின் தலை தெரியும் என்று எதிர்பார்த்தேன். தெரியவில்லை. கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பிறகு டார்ச் அடித்தேன். படியின் கீழே குப்புறக் கிடந்தார். ஒரு கை மட்டும் கடைசிக் கம்பியைப் பிடித்திருந்தது.

கை எட்டும் தூரம் மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன்.

பின்னாலிருந்து யாரோ என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார்கள். இருவரும் மல்லாக்க விழுந்தோம். முதல் ஐஸ் லோடு கொண்டுவந்த லாரி டிரைவர். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். அதுவரை அவரை நான் பார்த்ததே இல்லை.

"போவாதீய அண்ணாச்சி! உள்ள போனியன்னா ரெண்டு பொணம்!"

எங்கள் காக்காவைப் பொணம் என்று சொல்லிவிட்டாரே என்று எனக்கு வெறி வந்தது. அடித்தேன். முகத்திலேயே அடித்தேன். கெட்ட வார்த்தை பேசினேன். உதடு கிழிந்து இரத்தம் வந்தும் அவர் பிடியை விடவில்லை. "அடியும், இன்னும் அடியும். ஆனா விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே என் மேல் கிடந்தார். வாட்ச்மேன் இறங்கப் போனபோது காலை நீட்டி அவரையும் தட்டிவிட்டார். பின்னர் கேட்டபோது, வேறொரு ஊரில் இப்படி ஒரு தொட்டியில் அடுத்தடுத்து மூன்று பேர் இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாக மட்டும் சொன்னார்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டு, வண்டி வரும் வரை நாங்கள் திறப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அதைவிடக் கொடுமையான காத்திருப்பு எனக்கு வாழ்க்கையில் இல்லை. ஒருவர் கீழே இருக்கிறார், நாங்கள் மேலே சும்மா இருக்கிறோம். லாரியிலிருந்து ஐஸ் உருகித் தண்ணீர் சாலை வரை ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை இறக்கவில்லை.

தீயணைப்பு வீரர்கள் முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். காக்காவை வெளியே கொண்டுவந்து கிடத்தியபோது ஆம்புலன்ஸ்காரர் அவருடைய கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடந்த துணியை எடுத்தார்.

தீயணைப்பு அதிகாரி எங்களிடம் சொன்னார். சேறு அழுகினால் வரும் அந்த வாயு அதிகமாகும்போது முதலில் மூக்கைத்தான் மரத்துப் போகச் செய்யுமாம். வாடை போய்விட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, மூக்கு போய்விட்டது என்றுதான் அர்த்தம். இரண்டு மூன்று மூச்சு போதும் என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து கை கால் கழுவி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மற்றது விளங்கியது. காக்கா மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தார். அவர் கணக்கு சரி. கடலுக்குள் யாரும் கத்துவதில்லை. கயிற்றை வெட்டுவார்கள், மேலே இருப்பவன் இழுப்பான். இங்கே கயிறு சொல்லாததை வாயால் சொல்ல வேண்டி வந்தது. ஒரு வார்த்தை கத்தினால் நெஞ்சில் இருக்கும் காற்று போய்விடும். போன பிறகு மூச்சை இழுத்துத்தானே ஆக வேண்டும்? எங்களைச் சந்தோஷப்படுத்திய அந்தக் குரல்தான் அவருடைய மூச்சு முழுவதும்.

மச்சினன் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியிலும் பிறகு மதுரையிலுமாகக் கிடந்து பிழைத்துவிட்டார்.

காக்காவை அடக்கம் செய்து பத்துப் பதினைந்து நாள் கழித்து மேனேஜர் துக்கம் கேட்கப் போனார். என்னையும் கூட்டிப் போனார். அதற்குள் கம்பெனி வாசலில் காக்காவின் படம் போட்டு, அவருடைய துணிச்சலுக்கு வீரவணக்கம் என்று பெரிய பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். தொட்டியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர் வீட்டம்மா இத்தாவில் இருந்தார். கணவர் இறந்த பிறகு அந்தக் காலம் முடியும் வரை வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். நாங்கள் முன்னறையில் உட்கார்ந்தோம். உள்கதவில் ஒரு திரை தொங்கியது. மேனேஜர் அந்தத் திரையைப் பார்த்து, காக்காவின் துணிச்சலைப் பற்றி நெடுநேரம் பேசினார். இப்படி ஓர் ஆளைப் பார்க்க முடியாது என்றார்.

பேசி முடித்ததும் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அழுகை இல்லை.

"அவுக துணிச்சல எனக்குச் சொல்லாதீங்க. கடலுக்குப் போன காலமெல்லாம் பாத்தவ நான். அவுக திரும்புற வரைக்கும் சோறு எறங்காது. கம்பெனி வேலைன்னு ஆனதுக்கப்பறந்தான் பகல்ல ஒரு கண்ணு தூங்குனேன். அன்னைக்கும் தூங்கிக்கிட்டுத்தான் இருந்தேன்."

பிறகு இன்னும் தணிந்த குரலில், "எந்தம்பி பொழைச்சதுக்கு அல்ஹம்துலில்லான்னு சொல்லணும். வாய் வர மாட்டேங்குது" என்றார்.

மேனேஜர் தேநீரைக் குடிக்காமலே எழுந்தார். வாசல் படியில் மச்சினன் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் தையலோடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே போவதில்லை, அக்காவும் கூப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எங்களைப் பார்த்து எழுந்திருக்க முயன்றார். நான் அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தேன்.

அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது உச்சிப்புளிப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இருக்கிறேன். அங்கேயும் கழிவுத் தொட்டி இருக்கிறது. வேலைக்குச் சேரும்போதே, காற்று ஊதும் மெஷினும் ஆளைத் தூக்கும் வாரும் வாங்கித் தந்தால்தான் வருவேன் என்றேன். மூடிக்குப் பூட்டு போட்டுச் சாவியை நானே வைத்திருக்கிறேன். அவசரமான நாட்களில், "ஒரு நிமிஷ வேலை சார், சட்டுன்னு இறங்கி ஏறிடுறேன்" என்று யாராவது வருவார்கள். நான் வாதாடுவதில்லை. போய் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்வேன். பயந்தாங்கொள்ளி என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள், சிலர் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள்.

அடித்ததற்கு மன்னிப்புக் கேட்க அந்த டிரைவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. அன்று என்னைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் இருந்தார், காக்காவைப் பிடித்து நிறுத்த அங்கே ஓர் ஆள் இல்லை. அந்த இல்லாத ஆளாக இருப்பதுதான், சம்பளம் எதற்குக் கொடுத்தாலும், என் உண்மையான வேலை என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.