நான் பிய்த்தெறிந்த பிளாஸ்திரி

எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுத குடும்பத்தை வெளியேற்ற அப்பா வழக்குப் போட்டிருந்த வருஷம் அது. அந்த வீட்டுப் பெண் செல்வியும் நானும் பள்ளி ரிலே அணியில் இருந்தோம். பேச்சு கிடையாது.

எனக்குத் தட்டைப் பாதம். மாவட்டப் போட்டியன்று உள்ளங்கால் விண்விண்ணென்று வலித்தது. செல்வி பிளாஸ்திரிச் சுருளோடு வந்து, "காலை நீட்டுடி" என்றாள்.

"காலைப் பிடிச்சா நிலம் கிடைச்சிடுமா?" என்றேன்.

"உனக்காக இல்ல. நீ நொண்டினா நாலு பேரும் தோப்போம்."

என் காலைத் தன் மடியில் வைத்து, உள்ளங்காலைத் தூக்கிப் பிடித்து, சுருள் தீரும்வரை இறுக்கி ஒட்டினாள். ரத்த ஓட்டத்தை நிறுத்தி என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் கண்ணெதிரிலேயே பிய்த்தெறிந்தேன்.

"உங்கப்பன் புத்திதானே உனக்கும்" என்று எழுந்து போய்விட்டாள்.

ஓட்டத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவந்து ரிலே குச்சியை என்னிடம் கொடுத்தாள். நான் வலி தாங்காமல் பாதி தூரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு குழாயடியில் கால் கழுவிவிட்டு அவள் சிமெண்டுத் தரையில் நொண்டி நடந்துபோனாள். ஈரச் சுவடுகளைப் பார்த்தேன். நடுவில் வளைவே இல்லை. என் பாதம் மாதிரியே முழுசாகப் பதிந்திருந்தன. தன் காலுக்கு வைத்திருந்ததைத்தான் எனக்கு ஒட்டியிருக்கிறாள்.

வழக்கில் நாங்கள் ஜெயித்தோம். அதை யாரிடம் சொன்னாலும் நான் தரையைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.