காய்ந்த காது

பஞ்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வலது காதில் எந்நேரமும் ஒரு பஞ்சுத் திரி செருகியிருக்கும். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். பால்பல் விழுகிற வயதில் தொடங்கிய சீழ் அது. நின்ற மாதிரி நிற்கும், ஒரு சளி பிடித்தால் போதும், மறுபடி ஒழுகும். யார் யாரோ சொன்ன சொட்டு மருந்தெல்லாம் விட்டுப் பார்த்தாயிற்று. அந்தக் காது யார் சொல்லையும் கேட்பதாக இல்லை.

சீழைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதன் நாற்றம் இருக்கிறதே, அதுதான் அவளைத் தின்றது. நெரிசலான பேருந்தில்கூட அவளுக்கு வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருக்கும். புருஷன் நல்லவன்தான், ஆலையில் வேன் ஓட்டுகிறவன்; அவனும் இடப்பக்கமாகத்தான் படுப்பான். யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூக்கைச் சுருக்குவார்கள், அவ்வளவுதான். வாயால் சொன்னாலாவது திருப்பிக் கொடுக்கலாம். மூக்குக்கு என்ன பதில் சொல்வது?

அவளுக்கும் வேலை அதே ஆலையில்தான். தையல் மிஷினில் உட்காருகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போக அங்கே ஒரு காப்பகம் உண்டு. முன்பக்கம் தொட்டில் அறை. இரண்டு சுவரோரமும் கம்பித் தொட்டில்கள், நடுவில் ரப்பர் விரிப்பு போட்ட மேஜை, மூலையில் பால் சூடு பண்ணுகிற அடுப்பு. பின்பக்கம் சிமெண்டுத் தொட்டியும் துணி காயப்போடும் கொடியும். பஞ்சுவுக்குப் பின்பக்கம். மூத்திரத் துணியும் பீத்துணியும் அலசி அலசி அவளுக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது.

கொடியில் துணி போடும்போது ஜன்னல் வழியாகத் தொட்டில்கள் தெரியும். கை துணியை உதறும், கண் உள்ளே இருக்கும். அவளுக்கென்று ஒரு குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் பேச வேண்டாம். ஆனால் அழுகிற குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ள அவள் பட்ட ஆசை கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த ஆசைக்குத்தான் இத்தனையும்.

தொட்டில் அறை ஆயா ஒருத்தி வேலையை விட்டு நின்றதும் பஞ்சு நேராகப் பொறுப்பாளரிடம் போனாள். அவரை எல்லாரும் மேடம் என்பார்கள்.

"மேடம், என்னை உள்ள போடுங்களேன்."

மேடம் ஓர் அடி பின்னால் நகர்ந்துதான் பதில் சொன்னார். "எனக்கொண்ணும் இல்ல பஞ்சு. அம்மாக்காரிங்க சண்டைக்கு வருவாங்க. முதல்ல காதைச் சரி பண்ணிட்டு வா. வந்த அன்னைக்கே உன்னை உள்ள போடுறேன்."

அடுப்பில் பால் காய்ச்சுகிறவளைப் பால் அக்கா என்பார்கள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அவள் உடனே பிடித்துக்கொண்டாள். "போடி, போய் அறுத்துப் போட்டுட்டு வா. கத்திக்குப் பயந்தா காலம் பூரா பீத்துணிதான்."

புருஷனோடு போன பெரிய ஆஸ்பத்திரியில் காது டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார், தலையைப் படம் எடுக்கச் சொன்னார், படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உள்ள எலும்பையே அரிச்சிருக்கும்மா. இப்படியே விட்டா மூளைக்குப் போயிடும். ஆபரேஷன் பண்ணியே ஆகணும்." பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் காதைத் துடைத்துவிடச் சொன்னார். புருஷனை மட்டும், "நீங்க உட்காருங்க" என்றார்.

அவள் துடைத்துக்கொண்டு வந்தபோது அவன் வெளியே நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னவாம்?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியாயிடும்னார். கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நல்லா கேக்குமாமா?"

"அதான் எல்லாம் சரியாயிடும்னாரே."

வலது காதில் அவளுக்கு அப்போது பாதிக்குப் பாதி கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை முழுசாக்கித் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டு ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுத்தாள்.

கண் விழித்தபோது தலையில் முண்டாசு மாதிரி கட்டு. கட்டில் சுற்றியது, கூரை சுற்றியது, குடித்த தண்ணீர் குடித்த வேகத்தில் வெளியே வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி நடை பழகினாள். கட்டைப் பிரித்து உள்ளே திணித்திருந்த நாடாவை உருவி எடுத்த அன்றைக்கு டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாகக் குனிந்து பார்க்கச் சொன்னார். "பாருங்க, எப்படிக் காஞ்சு கிடக்கு!" பிறகு காதைச் சோதிக்கிற ஓர் இரும்புக் கவையைத் தட்டி அவள் நெற்றி நடுவில் வைத்தார். ரீங்காரம் வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக ஓடியது.

"எந்தப் பக்கம் கேக்குதும்மா?"

அவள் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். டாக்டர் தலையை ஆட்டினார். நல்லதற்குத்தான் ஆட்டுகிறார் என்று அவளும் கூடச் சேர்ந்து ஆட்டிவைத்தாள்.

வீட்டுக்கு வந்து, "அந்தக் காதுல ஒண்ணுமே கேக்கலைங்க" என்றாள்.

"இப்பதானே பிரிச்சிருக்கு. போகப் போக வரும்" என்றான் அவன், செருப்பைக் கழற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல்.

பொய் சொல்லக் கூடாது, நாற்றம் அடியோடு போய்விட்டது. பேருந்தில் ஒருத்தி அவள் வலது தோளில் சாய்ந்து தூங்கியே விட்டாள்; எங்கே எழுந்துவிடுவாளோ என்று பஞ்சு இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் போனாள். புருஷன் பக்கம் மாறிப் படுத்தான். இத்தனை வருஷம் எட்டி நின்று கத்திப் பேசியவர்கள் இப்போது கிட்டே வந்து கிசுகிசுத்தார்கள். எந்தக் காதில் தெரியுமா? அந்த வலது காதில். அதுதான் சுத்தமாயிற்றே என்று உரிமையோடு வாயை வைத்தார்கள். அவர்கள் சிரித்தால் இவளும் சிரித்தாள். என்ன சொன்னார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பால் அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். "ஏன்டி, நான் சொல்றதை ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விடுறியா?"

"விடறதுக்கு இன்னொரு காது ஏதுக்கா? வாங்கின வழியாவே திருப்பி விட வேண்டியதுதான்."

பால் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

மேடம் சொன்ன சொல் தவறவில்லை. பஞ்சுவைத் தொட்டில் அறையில் போட்டார். முதல் நாள் அவள் தலைக்குக் குளித்து, வெளுத்த புடவை கட்டி, விரல் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டு போனாள். தாய்மார்கள் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு மிஷினுக்கு ஓடினார்கள். ஒருத்தியும் மூக்கைச் சுருக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை.

ஒரு குழந்தை அழுதது. அழுகை தெளிவாகக் கேட்டது. எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை. ஒற்றைக் காதுக்குத் திசை கிடையாது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்தத் தொட்டில் அழுதாலும் அழுகை இடப்பக்கச் சுவரிலிருந்தே வந்தது. அவள் இடப்பக்கம் ஓடுவாள், குனிவாள், தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்பிவிடுவாள். ஒன்று அழுத இடத்தில் இரண்டு அழும். பால் அக்கா அடுப்படியிலிருந்தே தாடையால் காட்டுவாள்: அதோ, கதவோரம். இதோ, மேஜைக்குப் பின்னால். பஞ்சு காதால் செய்ய வேண்டியதைக் கண்ணால் செய்தாள். நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கழுத்து வலித்தது. இருந்தாலும் விடவில்லை. போகப் போக வரும் என்று அவன் சொன்னதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

பால் அக்கா உடம்புக்கு முடியாமல் வராத அன்றைக்கு வந்தது வினை. குடித்த பாலைக் கக்கிக்கொண்டு ஒரு குழந்தை திணறியது. முதலில் வீறிட்டது, பிறகு கொரகொரவென்றது. பஞ்சு ஜன்னலோரத் தொட்டில்களில் ஒவ்வொன்றாகக் குனிந்து தேடினாள். கதவோரம் திரும்புவதற்குள் சத்தம் கேட்டு மேடமே ஓடிவந்து, குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார். அது பாலைத் துப்பிவிட்டு அழுதது. ஒன்றும் ஆகவில்லை. நல்லபடியாகத் தாயிடம் போய்ச் சேர்ந்தது.

மேடம் பஞ்சு பக்கம் திரும்பினார். "இந்தப் பக்கம் புள்ளை திணறுது, நீ அந்தப் பக்கம் என்ன பண்றே? காது சரியாயிடுச்சுன்னுதானே உள்ள வந்தே?"

"சரியாயிடும்னு சொன்னாங்க மேடம்."

"யாரு சொன்னா?"

பஞ்சு குழந்தை கக்கிய பாலைத் துடைக்கக் குனிந்தாள். மறுநாள் சிமெண்டுத் தொட்டிக்குத் திரும்பினாள். மேடத்தைக் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைத்தாள்.

அடுத்த முறை புருஷனோடு காட்டப் போனபோது டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து மறுபடி மகிழ்ந்துபோனார். "சக்சஸ்மா. துளி ஈரம் இல்ல."

"டாக்டர், காது கேக்கல."

"அந்தக் காதுல கேக்காதும்மா. நோய் உள்காது வரைக்கும் போயிருந்துச்சு. அதைச் சுரண்டி எடுத்தா கேக்கறதும் கூடவே போயிடும்னு அன்னைக்கே விவரமா சொன்னேனே. உங்க வீட்டுக்காரர் சரின்னுதானே கையெழுத்துப் போட்டார்?"

பஞ்சு புருஷனைப் பார்த்தாள். புருஷன் மின்விசிறியைப் பார்த்தான்.

"என்னைக் கேக்கலையே" என்றாள்.

டாக்டர் எழுந்து, குனிந்து, அவள் இடது காதருகே வாயை வைத்து உரக்கச் சொன்னார். "ஆமாம்மா! அதான் சொல்றேன்! அந்தப் பக்கம் இனிமே கேக்காது!"

"எனக்குக் கேக்கலன்னு சொல்லல டாக்டர். என்னைக் கேக்கலன்னு சொல்றேன்."

பின்னால் நின்ற படிக்கிற பெண் களுக்கென்று சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது. டாக்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"சரி, கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

பஞ்சு யோசித்தாள். நியாயமாகத்தான் யோசித்தாள். "சரின்னுதான் சொல்லியிருப்பேன். உயிர்மேல யாருக்கு ஆசை இல்ல?"

"அப்புறம் என்னம்மா?"

"தெரிஞ்சிருந்தா தொட்டில் அறைக்கு ஆசைப்பட்டிருக்க மாட்டேன். ஒரு புள்ளை மூச்சு முட்டுறப்போ வேற எங்கேயோ தேடிட்டு நின்னிருக்க மாட்டேன்."

டாக்டருக்குத் தொட்டிலும் தெரியாது, பிள்ளையும் தெரியாது. நல்ல மனசோடுதான் சொன்னார்: "உயிரோட இருக்கீங்க, காது காஞ்சிருக்கு. எங்களைப் பொறுத்தவரை இது ரொம்ப நல்ல ரிசல்ட்."

வெளியே பெஞ்சுக்குப் பக்கத்தில் அவன் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். "சொன்னா மாட்டேன்னுடுவியோன்னு பயமா இருந்துச்சு. நீ செத்துப்போயிட்டா நான் என்ன பண்றது?"

"பயம் உங்களுது. காது என்னுது" என்றாள். அவன் மேற்கொண்டு என்னவோ சொன்னான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், இன்னும் கல்யாணம் ஆகாத வயசு. காதில் பஞ்சுத் திரி. கூட அவள் அப்பா, கையில் அந்தக் கறுப்புப் படம். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த டாக்டர் பஞ்சுவைக் கண்டதும், "பயப்படாதீங்க சார், இதே ஆபரேஷன்தான் இவங்களுக்கும். எவ்வளவு நல்லா ஆயிருக்கு, வேணும்னா கேட்டுக்குங்க. நீங்க மட்டும் உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா எதையும் கேட்கவில்லை. பஞ்சுவைப் பார்த்துக் கும்பிட்டார், மகளைப் பார்த்து, "நீ இங்கேயே இரும்மா" என்றார், உள்ளே போனார். ஆட்டக் கதவு இரண்டு தரம் ஆடிவிட்டு மூடிக்கொண்டது.

"அக்கா, ரொம்ப வலிக்குமா?" என்றாள் அந்தப் பெண்.

"வலி பொறுத்துக்கலாம். சீழ் நின்னுடும். நாத்தம் போயிடும். உயிருக்குப் பயம் இல்ல." பஞ்சு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவளுக்குக் கேட்கிற பக்கமாகத் தன் முகத்தை வைத்துக்கொண்டாள். "ஆனா எனக்கு இந்தக் காதுல சுத்தமா கேக்காது. உனக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். உள்ள போய்க் கேளு."

"அப்பா இங்க இருக்கச் சொன்னாரே."

"காது உங்கப்பாவோடதா?"

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. பயந்த பிள்ளை, அப்பா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. பஞ்சு எழுந்து போய்க் கதவைத் தள்ளித் திறந்து, முதுகால் அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். உள்ளே டாக்டர் பேசுவது இப்போது வராந்தா வரைக்கும் வந்தது. பெண் தலையைச் சாய்த்து, திரி செருகாத காதை அந்தப் பக்கம் திருப்பினாள்.

வாசல் காவலாள் ஓடிவந்து, "கதவை விடும்மா, நகரு, நகருங்கறேன்ல!" என்று வலப்பக்கம் நின்று கத்தினான். பஞ்சுவுக்கு அது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டாள்.