மூன்று அங்குலம் நீண்டுபோன மந்திரவாதி அங்கி

எண்பதுகளின் நடுவில் நானும் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து, த்ரீ கிங்ஸ் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. எப்போதும் ஆஸ்பத்திரிச் சீருடைகள்தான். ஒருநாள் எங்கள் மேற்பார்வையாளர் கரும்பச்சை வெல்வெட்டைக் கொண்டுவந்து என் மெஷின்மேல் போட்டார். பிஜியில் பிறந்த தமிழ்ப் பெண். தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழை என்னிடம் மட்டும் பேசுவார்.

“டிவி நாடகத்துக்கு. மந்திரவாதி போடுற அங்கி. நீதான் தைக்கணும்.”

குழந்தை அரசனை ஒளித்து வளர்த்து, பிறகு அரியணையில் ஏற்றிய கிழட்டு மந்திரவாதியைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு பழைய கதை உண்டு. அதை உள்ளூரில் தொடராக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கு நாள் அதிலேயே கிடந்தேன். கீழ்க்கரை மடிக்க மூன்று அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டியிருந்தேன். மடிப்பதற்குள், மறுநாள் வரவேண்டிய டிவிக்காரரின் வான் வண்டி அன்றே வந்து வாசலில் நின்றது. அவசரத்தில் ஓரத்தை மெல்லிசாகச் சுருட்டித் தைத்து, அந்த நீளத்தோடேயே கொடுத்துவிட்டேன். கிழவர் உயரமாக இருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிறு மாலை, தொடர் தொடங்கியது. அங்கியைக் கண்டதும் கணவர் என் தோளைத் தட்டினார். அடுத்த நிமிடம், அரசசபைப் படியேறிய மந்திரவாதி அங்கியை மிதித்துத் தடுக்கி, அரசனின் மடியில் போய் விழுந்தார்.

“ஐயோ! அது என்ர பிழையப்பா!”

“உம்மட பிழையோ?” அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “மலையை நகர்த்துற மனிசனை நீர் விழுத்திப்போட்டீர்!”

நான் அழத் தொடங்கியதும்தான் சிரிப்பை நிறுத்தினார். “நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லும். வேலை போனாப் போகட்டும், வேற பாப்பம்” என்றார்.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“இன்னும் படம் எடுத்துக்கிட்டுதான் இருக்காங்க. அந்த அங்கி கிழிஞ்சு போச்சாம். இன்னொண்ணு கேக்கிறாங்க. அதே நீளம் வேணுமாம்.”

எனக்கு விளங்கவில்லை.

“மந்திரவாதியா நடிக்கிற ஆளே வர்றார், அளவு பாக்க. நீயே கேட்டுக்கோ.”

வந்தவர் என் தோளுயரம்தான் இருந்தார். தாடி இல்லை. நான் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். படப்பிடிப்பில் விழுந்தது நிஜமாகவே விழுந்ததாம். எல்லோரும் சிரித்ததால் அதை வெட்டாமல் வைத்தார்களாம். அதற்குமுன் அந்தப் பாத்திரம் எப்படிப்பட்டது என்றே தனக்குப் பிடிபடவில்லை என்றார். மந்திரம் தெரிந்தும் நேராக நடக்கத் தெரியாத கிழவர் என்று அன்றுதான் புரிந்ததாம்.

“நீளத்தைக் குறைத்துவிடாதீர்கள்” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

பிழையை அளந்து தைப்பது, தெரியாமல் விடுவதைவிடக் கடினமாக இருந்தது. மூன்று முறை நாடா பிடித்துப் பார்த்தேன். அந்தத் தொடர் முடியும்வரை ஞாயிறு மாலைகளில் நாங்கள் வேறெங்கும் போகவில்லை. மந்திரவாதி ஒவ்வொரு படியாக அங்கியைத் தூக்கிப் பிடித்து ஏறும்போதெல்லாம், கணவர் தன் இடுப்புச் சாரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று எனக்கு வணக்கம் வைப்பார்.